பெயருக்குச் சாட்சி

1959-ஆம் ஆண்டு ஜனவரி 21-ஆம் தேதி முதலமைச்சர் காமராஜ் திறந்து வைத்த நாள் தொட்டு, ஆண்டிபட்டிக்கு அருகே வைகையை மறித்து நிற்கும் அணையின் நீர்மட்டம், கீழே ஆற்றங்கரை நெடுக வாழும் ஜனங்களுக்கு வெறும் எண்ணாக இருந்ததில்லை. 66 அடியில் முதற்கட்ட எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாம் கட்டம், 69 அடியில் மூன்றாம் கட்டம், 71 அடி முழுக் கொள்ளளவு என்னும் கணக்கைச் சோழவந்தானிலும் மானாமதுரையிலும் பரமக்குடியிலும் படித்தவர் படிக்காதவர் எல்லோரும் வாய்ப்பாடாக வைத்திருக்கிறார்கள். முன்னாளில் தண்டோராவும் ஒலிபெருக்கி கட்டிய ஜீப்பும் சுமந்து சென்ற அந்த எண்ணை இந்நாளில் கைப்பேசித் திரை கொண்டுவந்து தருகிறது. ஜீப்பில் வருபவர் தாலுகா ஆபீஸ் சிப்பந்தி என்பதை ஊரார் முகம் பார்த்தே அறிவார்கள். திரைக்கு முகம் இல்லை. அரசுத் தளத்தில் தோன்றும் 69 என்ற எண், ஏதோ ஓரிடத்தில் புறப்பட்டு, எத்தனையோ யந்திரங்களின் கைமாறி, கடைசியில் பஸ் நிலையத்து வைஃபை ஒன்றின் வழியாகக்கூட நம் கைக்கு வந்து சேரலாம். நடுவழியில் ஒருவன் அதை 66 ஆக்கி அனுப்பியிருந்தால் நமக்கு எப்படித் தெரியும் என்ற கேள்விக்கு விடையாகப் பிறந்ததே இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ், அதாவது நம் ஊர் கம்ப்யூட்டர்காரர்கள் எஸ்எஸ்எல் என்று சுருக்கமாகச் சொல்லும் சமாசாரம்.

இங்கே அபாயங்கள் மூன்று. வழியில் ஒருவன் ஒட்டுக் கேட்பது ஒன்று. வழியில் செய்தியைத் திருத்துவது மற்றொன்று. இவ்விரண்டையும்விடப் பொல்லாதது, நமக்குப் பதில் சொல்பவனே வேஷதாரியாக இருப்பது. முதல் இரண்டையும், நம் யந்திரமும் எதிர்முனை யந்திரமும் தங்களுக்குள் ஒரு ரகசிய எண்ணை ஒப்புக்கொண்டு அதனால் செய்தியை மூடிவிட்டால் தடுத்துவிடலாம். ஆனால் எதிரே இருப்பவன் யார் என்று அறியாமல் எவ்வளவு ரகசியமாகப் பேசினாலும், திருடனோடு ரகசியம் பேசியதாகவே முடியும். சான்றிதழின் முதல் வேலை மூடுவதன்று, ஆளைக் காட்டுவதே.

இதற்கு அடிப்படையான கணிதம் 1970-களில் உருவாயிற்று. 1976-இல் விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும், சாவி ஒன்றைப் பகிரங்கமாக வைத்துக்கொண்டே ரகசியம் காக்க முடியும் என்ற கருத்தை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் என்ற மூவர் அதற்குச் செயல்முறை கண்டார்கள். ஏறக்குறைய அதே முறையை 1973-லேயே பிரிட்டிஷ் உளவு ஸ்தாபனத்தில் கிளிஃபர்ட் காக்ஸ் என்பவர் கண்டுபிடித்திருந்தும், சர்க்கார் ரகசியம் என்று பெட்டியில் பூட்டப்பட்டு 1997 வரை உலகம் அதை அறியாமலே போயிற்று.

பெரிய எண்களைக் கண்டு மிரளாமல் இந்த வித்தையைப் பார்க்க வேண்டுமானால் அணையின் 71-ஐயே எடுத்துக்கொள்ளலாம். 11, 17 என்னும் இரண்டு பகா எண்களைப் பெருக்கினால் 187. ஒவ்வொன்றிலும் ஒன்றைக் குறைத்து, அதாவது 10-ஐயும் 16-ஐயும், பெருக்கினால் 160. இப்போது 187, 3 ஆகிய இரண்டு எண்களை ஊரறியச் சொல்லிவிட்டு, 107 என்ற எண்ணை மட்டும் நமக்குள் வைத்துக்கொள்கிறோம். 3-ஐ 107-ஆல் பெருக்க வரும் 321-ஐ 160-ஆல் வகுத்தால் மீதி 1. பகிரங்கச் சாவிக்கும் அந்தரங்கச் சாவிக்கும் உள்ள உறவு இவ்வளவுதான். ‘71’ என்ற செய்திக்குக் கையெழுத்திட வேண்டியவர், 71-ஐ 107 முறை அடுக்கிப் பெருக்கி, வருவதை 187-ஆல் வகுத்து மீதியை எடுத்தால் 58 கிடைக்கும். செய்தி 71, கையெழுத்து 58 என்று இரண்டையும் சேர்த்து அனுப்புகிறார். பெற்றுக்கொண்டவர், ஊரறிந்த 3-ஐக் கொண்டு 58-ஐ மூன்று முறை பெருக்குகிறார்: 1,95,112. அதை 187-ஆல் வகுத்தால் மீதி சரியாக 71. இடைவழிக்காரன் 71-ஐ 66 என்று திருத்தியிருந்தால் கணக்கு உதைக்கும். 66-க்குப் பொருந்தும் புதிய கையெழுத்தை உண்டாக்க அவனிடம் 107 இல்லை. 187-ஐ 11, 17 என்று பிரித்துவிட்டால் 107-ஐக் கண்டுபிடிக்கலாமே என்று கேட்பவர் நியாயமாகவே கேட்கிறார். பள்ளிப் பிள்ளையும் அதைப் பிரித்துவிடும். நடைமுறையில் வழங்கும் எண்ணோ 617 இலக்கம் கொண்டது. அதை இன்றுள்ள கணினிகளைக் கொண்டு எவரும் பகுத்துக் காட்டியதில்லை. பகா எண்ணா என்று சோதிப்பது மட்டும் சுலபம் என்பதும், பகுப்பது மட்டும் கடினம் என்பதும் கணிதத்தின் விசித்திரங்களுள் ஒன்று; அந்தச் சோதனையைத் திட்டவட்டமாகவும் விரைவாகவும் செய்யலாம் என்பதை 2002-இல் நிரூபித்தவர்கள் கான்பூர் ஐஐடியைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகிய நம் நாட்டார் மூவரே.

கையெழுத்து என்ற கருவி கிடைத்துவிட்டால், சான்றிதழ் என்பது தானே விளங்கிவிடும். ‘இன்ன பெயருடைய தளத்தின் பகிரங்கச் சாவி இது, இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை செல்லும்’ என்று எழுதி, மூன்றாவது ஒருவர் தம் அந்தரங்கச் சாவியால் கையெழுத்திட்ட சிறு கோப்பு அது. இந்த எண்ணத்தை 1978-இல் எம்ஐடியில் இளங்கலை ஆய்வேடாக எழுதியவர் லோரன் கோன்ஃபெல்டர் என்ற மாணவர். 1995-இல் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவியில் அதைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்தது.

இனி, ஒருவர் தம் தளத்துக்கு இதை எப்படிப் பெறுகிறார் என்பதைப் பார்ப்போம். போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரம் செய்பவரோ, கம்பத்தில் லாட்ஜ் நடத்துபவரோ, தம் பெயரில் ஒரு டொமைனும் அதற்கொரு சர்வரும் வைத்திருக்கிறார் என்று கொள்வோம். முதலில் அந்த சர்வரிலேயே சாவி ஜோடி ஒன்று பிறக்க வேண்டும். அந்தரங்கச் சாவி பிறந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. அதை ஈமெயிலில் அனுப்பு, வாட்ஸ்அப்பில் அனுப்பு என்று கேட்கும் ‘ஹோஸ்டிங்’ ஆசாமி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அனுப்பலாகாது. பகிரங்கச் சாவியையும் தளத்தின் பெயரையும் வைத்து ஒரு விண்ணப்பம் தயாரித்து, சான்றளிக்கும் ஸ்தாபனத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த ஸ்தாபனம் வியாபாரியைப் பார்த்ததில்லை, பார்க்கப் போவதுமில்லை. அது சோதிப்பது ஒன்றே: இந்தப் பெயர் இவர் கைவசம் உள்ளதா? ஒரு நிலம் தன்னுடையது என்று சொல்பவரிடம், ‘நான் சொல்லும் அடையாளத்தைப் பொறித்து அந்த நிலத்தின் நடுவில் ஒரு கல்லை நட்டுவை, வந்து பார்க்கிறேன்’ என்று சர்வேயர் சொல்வது போல, ஸ்தாபனம் நீண்ட எழுத்துச் சரம் ஒன்றைக் கொடுத்து, அதைத் தளத்தின் குறிப்பிட்ட உள்முகவரியில் கோப்பாக வைக்கச் சொல்கிறது. அல்லது டிஎன்எஸ் என்னும் பெயர்ப் பதிவில், டொமைனுக்குரிய இடத்தில் சேர்க்கச் சொல்கிறது. பிறகு உலகின் பல இடங்களிலிருந்து அந்தக் கோப்பைத் திறந்து பார்க்கிறது. பல இடங்களிலிருந்து என்பதில் சூட்சுமம் உண்டு. ஓரிடத்து வழியை வஞ்சகன் வளைத்துவிட்டாலும் எல்லா வழிகளையும் ஒருங்கே வளைப்பது அரிது. சரம் பொருந்தினால் சில விநாடிகளில் சான்றிதழ் கைக்கு வந்துவிடும்.

இதற்கு எவ்வளவு பணம் என்றால், ஒன்றுமில்லை. அமெரிக்காவில் தர்ம ஸ்தாபனமாக நடக்கும் ‘லெட்ஸ் என்க்ரிப்ட்’ 2015 செப்டம்பரில் தன் முதல் சான்றிதழை வழங்கியது முதல், இது இலவசப் பண்டம். பச்சைப் பட்டை தெரியும், கம்பெனி பெயர் ஜொலிக்கும் என்று ஆயிரக்கணக்கில் பணம் வாங்கி விற்ற உயர்ரகச் சான்றிதழ்களின் அந்தக் கம்பெனி பெயரை, ஜனங்கள் அதைக் கவனிப்பதே இல்லை என்று கண்டு, 2019-இல் குரோம் உலாவி முகவரிப் பட்டையிலிருந்து எடுத்துவிட்டது. சிறு வியாபாரியிடம் இன்னும் அதே ஆசையைக் காட்டி ஆண்டுதோறும் பணம் வசூலிப்பது எனக்கு நேர்மையான வியாபாரமாகப் படவில்லை.

பெறுவதைவிட நிறுவுவதில்தான் பிழைகள் மலிந்திருக்கின்றன. சான்றிதழ் கோப்போடு, அதற்குக் கையெழுத்திட்ட இடைநிலைச் சான்றிதழையும் சேர்த்து சர்வரில் வைக்க வேண்டும். இதை மறப்பவர் அநேகர். அப்போது நேரும் விந்தை என்னவென்றால், தளத்தை அமைத்தவரின் கணினியில் அது ஒழுங்காகத் திறக்கும், வாடிக்கையாளரின் போனில் எச்சரிக்கை காட்டலாம். மேசைக் கணினியின் உலாவி விடுபட்ட கோப்பைத் தானே தேடி எடுத்துக்கொள்ளும் அல்லது முன்பே எங்கோ பார்த்து ஞாபகம் வைத்திருக்கும். போன் எல்லா வேளையும் அவ்வாறு செய்வதில்லை. ‘எனக்குத் திறக்கிறதே’ என்ற வாக்குவாதம் இங்கேதான் பிறக்கிறது. 443 என்ற துறையில், அதாவது ‘போர்ட்’டில், சர்வர் காது கொடுக்க வேண்டும். 80-ஆம் துறைக்கு வருபவரை அங்கே திருப்பிவிட வேண்டும். பக்கத்தினுள் இருக்கும் படங்களும் நிரல்களும் பழைய பூட்டில்லா முகவரியிலிருந்து வரக் கூடாது. இவை எல்லாம் சரியாக இருந்தும் எச்சரிக்கை வருகிறது என்றால் பார்ப்பவரின் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். உள்ளிருக்கும் சிறு வட்டச் செல் தீர்ந்துபோன பழைய கணினி, ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வரும்போதும் பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விடும். அதன் கணக்கில் இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை.

காலாவதி என்பதோ நிறுவியவரின் தலைமேல் தொங்கும் கத்தி. லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழுக்கு ஆயுள் 90 நாள் என்பதே வழக்கம். மற்ற ஸ்தாபனங்களும் விருப்பம் போல் நீண்ட ஆயுள் கொடுத்துக்கொண்டிருக்க முடியாது: உலாவிக் கம்பெனிகளும் சான்றளிப்போரும் 2025 ஏப்ரலில் செய்த தீர்மானப்படி, உச்ச வரம்பு 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். திருடுபோன சாவி நெடுநாள் புழங்கக் கூடாது என்பது காரணம். ஆகவே நாட்காட்டியில் குறித்து வைத்துக் கையால் புதுப்பிக்கும் காலம் மலையேறிவிட்டது. ‘செர்ட்பாட்’ போன்ற நிரலை சர்வரில் அமர்த்திவிட்டால், நாள்தோறும் தானே தேதியைச் சரிபார்த்து, வேளை வந்ததும் கல்லை நட்டு, சான்றிதழைப் பெற்று, சர்வருக்கும் தகவல் சொல்லிவிடும். காலாவதியை முன்கூட்டி எச்சரித்து வந்த ஈமெயிலையும் லெட்ஸ் என்க்ரிப்ட் 2025 ஜூனில் நிறுத்திவிட்டது.

இதுவரை எல்லாம் செய்முறை. விஷயத்தின் உயிர்நிலை இனிதான் வருகிறது. தளத்துக்கு ஸ்தாபனம் கையெழுத்திட்டது. அந்த ஸ்தாபனத்துக்குக் கையெழுத்திட்டது யார்? அதற்கு மேல் ஒன்று, அதற்கும் மேல் ஒன்று என்று ஏறிக்கொண்டே போனால், கடைசியில் தனக்குத் தானே கையெழுத்திட்டுக்கொண்ட ஒரு மூலச் சான்றிதழில் போய் முட்டும். அதை ஏன் நம்ப வேண்டும் என்றால், உலாவியையோ கணினியையோ செய்த கம்பெனி அதைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது என்பதைத் தவிர வேறு விடை இல்லை. கூகுள், ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், மொஸில்லா ஆகிய நால்வர் வைத்திருக்கும் பட்டியல்களின் மேல்தான் உலகத்து இணைய வர்த்தகம் அனைத்தும் நிற்கிறது.

இந்த உண்மையை நம் ஜனங்கள் அறியாமலே நிதம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆண்டிபட்டியிலோ உத்தமபாளையத்திலோ கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய் ஆதாரின் மின்நகலை இறக்கி அடோபி ரீடரில் திறந்தால், கையொப்பம் இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு கேள்விக்குறியும், செல்லுபடியாகுமா தெரியவில்லை என்ற பொருளில் ஓர் ஆங்கில வாசகமும் தோன்றும். கடைக்காரப் பையன் அதன்மேல் வலது சொடுக்குச் செய்து, இரண்டு மூன்று பெட்டிகளைத் திறந்து, ‘நம்பு’ என்று ஒரு கட்டத்தை டிக் செய்ததும், மஞ்சள் கேள்விக்குறி பச்சைக் குறியாக மாறும். பத்திரத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை, கையெழுத்தும் மாறவில்லை, அந்தக் கணினியின் நம்பிக்கைப் பட்டியல் மட்டுமே மாறிற்று. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், சான்றளிப்போரைக் கண்காணிக்கும் கட்டுப்பாட்டாளர் ஒருவரை நியமித்து, அவருடைய மூலச் சாவியை நாட்டின் பிரமாணமாக்கியிருக்கிறது. கோர்ட்டில் அது செல்லும். அடோபியின் பட்டியலில் இல்லாவிட்டால் திரையில் செல்லாது.

சட்டத்தின் நம்பிக்கையும் யந்திரத்தின் நம்பிக்கையும் ஒன்றல்ல என்பதை இந்தியா 2014-இல் கசப்பாக அறிந்துகொண்டது. அரசுத் தளங்களை நடத்தும் தேசிய தகவலியல் மையம் அக்காலத்தில் தானே சான்றிதழும் வழங்கி வந்தது. அதன் அதிகாரம் கட்டுப்பாட்டாளரின் மூலச் சாவியிலிருந்து வந்தது. அந்த மூலச் சாவியோ மைக்ரோசாஃப்ட் பட்டியலில் இருந்தது. 2014 ஜூலை 2-ஆம் தேதி, கூகுளின் பெயர்களுக்கே அம்மையத்தின் கையெழுத்தோடு அனுமதியற்ற சான்றிதழ்கள் உலவுவதைக் கூகுள் கண்டது. அவற்றைக் கையில் வைத்திருப்பவன், விண்டோஸ் கணினியில் இண்டர்நெட் எக்ஸ்புளோரர் பயன்படுத்தும் ஒருவருக்கு முன் கூகுளாகவே வேஷம் கட்டி நிற்கலாம். ஃபயர்ஃபாக்ஸ் தன் சொந்தப் பட்டியலையே பார்ப்பதால் தப்பித்தது. மறுநாளே மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்கள் அனைத்தையும் கட்டுப்பாட்டாளர் ரத்து செய்தார். வழங்கும் முறையில் ஊடுருவல் நேர்ந்ததாகவும், தவறாக வழங்கப்பட்டவை நான்கே என்றும், மூன்று கூகுளுக்கும் ஒன்று யாகூவுக்கும் உரிய பெயர்கள் என்றும் அவர் தரப்பு தெரிவித்தது. அந்த நான்கில் அடங்காத வேறு சிலவும் தங்களுக்குத் தெரியும் என்று கூகுள் பகிரங்கமாகவே எழுதியது. பிறகு குரோம், இந்திய மூலச் சாவியை ஒரு வேலிக்குள் அடைத்தது: ஜிஓவி.இன், என்ஐசி.இன், ஏசி.இன், ரிசர்வ் வங்கி என விரல்விட்டு எண்ணத்தக்க சில பெயர்களுக்கு வெளியே அதன் கையெழுத்து செல்லாது. தேனி மாவட்டத் தளத்தின் பெயர் என்ஐசி.இன் என்று முடிவதால் வேலிக்கு உள்ளே இருந்தது, அவ்வளவே ஆறுதல். இதில் வல்லரசு ஆணவம் என்று கோபிப்பவர்கள், இதற்கு மூன்றாண்டு முன்பு நெதர்லாந்தின் டிஜிநோட்டார் என்ற கம்பெனி இதே வகைக் குற்றத்துக்காக எல்லாப் பட்டியல்களிலிருந்தும் நீக்கப்பட்டு, அதே மாதம் திவாலானதை நினைவுகூர வேண்டும். நம்மை வேலிக்குள் விட்டார்கள். அவர்களை வேரோடு பிடுங்கினார்கள்.

இத்தகைய விபத்துகளால் விளைந்த நன்மை ஒன்று உண்டு. வழங்கப்படும் சான்றிதழ் ஒவ்வொன்றையும், பின்னர் அழிக்கவோ திருத்தவோ முடியாத பகிரங்கப் பேரேடுகளில் பதிந்தாக வேண்டும் என்ற ஏற்பாடு 2013-இல் வகுக்கப்பட்டு, 2018 முதல் குரோமில் கட்டாயமாயிற்று. இன்று எந்தக் கல்லூரியும் தன் பெயரில் உலகில் எங்கெங்கே யார் யார் சான்றிதழ் வாங்கியிருக்கிறார்கள் என்பதை இலவசமாகத் தேடிப் பார்த்துக்கொள்ளலாம். பார்ப்பவர்கள்தான் குறைவு.

நமக்கென்று ஒரு பட்டியல் வேண்டும் என்ற ஆசையும் அடங்கிவிடவில்லை. 2023 ஆகஸ்டில் மத்திய சர்க்கார் அறிவித்த உள்நாட்டு உலாவிப் போட்டியின் நிபந்தனைகளில், இந்தியக் கட்டுப்பாட்டாளரின் மூலச் சான்றிதழை உள்ளடக்கிய நம்பிக்கைப் பட்டியலும் ஒன்று. 2025 மார்ச்சில் முதற்பரிசான ஒரு கோடி ரூபாயைப் பெற்றது தமிழ்நாட்டின் ஸோஹோ நிறுவனம். அதன் உலாவிக்குப் பெயர் ‘உலா’. முயற்சி நல்லதே. ஆனால் 2014-இல் குறைபட்டது சாவியின் தேசியம் அன்று, காவல். பேரேட்டில் பகிரங்கமாகப் பதிவதும், தவறு நேர்ந்த அன்றே முழு விவரத்தைச் சொல்வதும் இல்லாமல், சொந்த உலாவியில் சொந்தச் சாவியை ஏற்றுவதால் மட்டும் பிறநாட்டார் நம்பிக்கை வாராது. நம் ஜனங்களின் நம்பிக்கைக்கும் அது தகுதியாகாது.

இவ்வளவு கட்டுக்காவலுக்குப் பிறகும் சான்றிதழ் உறுதி சொல்வது ஒன்றே ஒன்று: முகவரியில் எழுதியுள்ள பெயர் எவர் கைவசம் இருக்கிறதோ அவரோடுதான் பேசுகிறீர்கள் என்பது. அவர் யோக்கியரா என்பதை அது சொல்லாது. மோசடிக்காரனும் தான் வாங்கிய பெயருக்கு, தன் நிலத்தில் கல்லை நட்டு, இலவசச் சான்றிதழ் பெற்றுக்கொள்ளலாம். பூட்டுப் படத்தை ஜனங்கள் நற்சாட்சிப் பத்திரமாக எடுத்துக்கொள்வதைக் கண்டுதான் குரோம் 2023 செப்டம்பரில் அந்தப் படத்தையே எடுத்துவிட்டு வேறு குறி வைத்தது. ஆகையால் ஆதார் எண்ணையோ வங்கி விவரத்தையோ கேட்கும் தளம் எதுவானாலும், முகவரியில் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னுள்ள பெயரை வலது கோடியிலிருந்து இடப்புறமாகப் படியுங்கள். ஒரு புள்ளிக்குப் பின் என்ஐசி.இன், ஜிஓவி.இன் என்று முடிந்தால் அது அரசின் பெயர். தேனி.என்ஐசி.இன் என்று தொடங்கி, அதன் பின்னும் ஒரு புள்ளியும் வேறு பெயரும் வந்து முடிந்தால், அந்தக் கடைசிப் பெயரை வாங்கியவரே அதன் சொந்தக்காரர். அவர் கலெக்டர் ஆபீஸைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்.